மேற்படி நபர்

ஒரு பெண் எங்கள் துறையில் ஆறு வருடம் பாடம் நடத்தினார். அவர் பாடம் நடத்தியதற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்று நான் எழுதிக் கொடுத்தேன். பொய் என்று தெரிந்தே எழுதினேன். அதனால் அவருக்குக் கிடைக்க வேண்டிய நிரந்தர வேலை கிடைக்காமல் போயிற்று.

நான் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியில் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவன். கல்லூரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் காலை முதல் பஸ்ஸைப் பிடித்தால் வகுப்பு தொடங்குவதற்குள் போய்விடலாம், அவ்வளவு போதும். மாட்டுக்குச் சினை பார்ப்பது, பிரசவம் பார்ப்பது, கன்று குறுக்கே கிடந்தால் திருப்பி எடுப்பது, இவற்றைச் சொல்லிக்கொடுக்கும் துறை எங்களுடையது. புத்தகத்தில் படித்துத் தேறக்கூடிய விஷயம் இல்லை. கையை உள்ளே விட்டுப் பழக வேண்டும். பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் கீழ, இப்ப உருண்டையா தட்டுப்படுதா?" என்று கேட்க வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். எங்களுக்கு ஆள் இல்லை.

துறையில் நான்கு இடங்கள் அனுமதிக்கப்பட்டிருந்தன. ஒன்றில் நான். இன்னொன்றில் இருந்தவருக்கு முதுகுவலி. மாட்டுக்குப் பின்னால் நிற்க மாட்டார், கரும்பலகைக்கு முன்னால் மட்டும் நிற்பார். மூன்றாவது இடம் எப்போதும் காலி, நிரப்ப அப்போது அனுமதி இல்லை. நான்காவது இடத்தில் இருந்த உதவிப் பேராசிரியை சம்பளமில்லா விடுப்பில் கணவரோடு வெளிநாடு போயிருந்தார். விடுப்பில் போனவரின் இடம் காலியிடம் ஆகாது. காலி ஆகாத இடத்துக்கு ஆள் எடுக்க முடியாது. அவர் வருடா வருடம் கிறிஸ்துமஸ் வாழ்த்தும் விடுப்பு நீட்டிப்பு விண்ணப்பமும் அனுப்புவார். இரண்டும் ஒரே உறையில் வரும்.

அப்போதுதான் இந்தப் பெண் வந்தார். மேற்படிப்பு முடித்தவர், கைக்குழந்தைக்காரர், ஸ்ரீரங்கத்தில் வீடு. தற்காலிக ஆசிரியையாக வைத்துக்கொண்டோம். நியமன உத்தரவு கிடையாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை நான் எழுதிக் கொடுக்கும் குறிப்புத்தாள்தான் உத்தரவு. சொந்தச் செலவில் படிக்கும் மாணவர்கள் கட்டும் அதிகக் கட்டணத்தில் ஒரு பங்கு துறைக்கு வரும்; அதில் 'தீவனம் மற்றும் இதர செலவுகள்' என்ற தலைப்பில் அவருக்குச் சம்பளம் கொடுத்தோம். தவிடு, புண்ணாக்கு, அவர். அந்த வரிசையில்.

ஆறு மாதம் முடிந்ததும் ஒரு நாள் அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டு மறுநாள் திரும்பச் சேர்ப்போம். தொடர்ந்து வேலை பார்த்தேன் என்று யாரும் கோர்ட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக எல்லாக் கல்லூரிகளிலும் இருக்கும் ஏற்பாடு. 'பிரேக்' என்போம். பிரேக் நாளில் அவர் மலைக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் போய் வீட்டுக்கு வேண்டியதை வாங்கி வருவார். ஒரு பிரேக் நாளில், ஈன முடியாத மாடு ஒன்றை வண்டியில் கொண்டுவந்துவிட்டார்கள். கன்று குறுக்கே கிடந்தது. முதுகுவலிக்காரர் என்னைப் பார்த்தார், நான் போனைப் பார்த்தேன். அரை மணி நேரம் முயன்றும் கன்றின் கால் எனக்குக் கிடைக்காமல், கடைத்தெருவில் இருந்த அவரைப் போனில் கூப்பிட்டேன். கையில் துணிக்கடைப் பையோடு நேராக வந்தார். கன்று உயிரோடு வந்தது. அன்று அவர் வேலையில் இல்லை என்பதால் பதிவேட்டில் சிகிச்சை செய்தவர் என்று என் பெயரை எழுதிக்கொண்டேன்.

"எழுதிக்கோங்க சார். மாடு சாட்சி சொல்லவா போகுது," என்றார் அவர். சிரித்தோம்.

இனி ஆய்வு நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் குழு டெல்லியிலிருந்து வரும். ஆசிரியர் எத்தனை, மாடு எத்தனை, மைக்ராஸ்கோப் எத்தனை என்று எண்ணும். நிரந்தர ஆசிரியர்களை மட்டுமே எண்ணும்; எங்கள் துறைக்கு மூன்று பேராவது வேண்டும். குறைந்தால் மாணவர் இடங்களைக் குறைப்பார்கள் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. முதலில் போவது சொந்தச் செலவு இடங்கள்தான் என்றும் சொல்லப்பட்டிருந்தது. அந்த இடங்கள் போனால் கட்டணம் போகும், கட்டணம் போனால் ஊசி, கையுறை, தீவனம் எல்லாம் போகும். ஏற்கனவே நாங்கள் தோள்வரை போடும் பிளாஸ்டிக் கையுறைகளைக் கழுவி, துறை வாசலில் கயிறு கட்டிக் காயப்போட்டுத்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தோம். ஆய்வு நாளில் மட்டும் அந்தக் கயிற்றை அவிழ்த்துவிடுவோம்.

ஆய்வுக்கு முந்தைய நாள் மண்ணச்சநல்லூர் ரைஸ்மில் முதலாளி ஒருவர் நாலு மாடுகளை லாரியில் அனுப்பி வைப்பார். மில் தவிடு தின்று பளபளவென்று இருக்கும் மாடுகள். எங்கள் பண்ணையில் செத்துப்போன மாடுகளின் எண்களை அவற்றின் காதில் மாட்டுவோம். அதே போல இந்தப் பெண்ணின் அறை வாசலில் வெளிநாட்டில் இருந்த உதவிப் பேராசிரியையின் பெயர்ப்பலகையை மாட்டினோம். மூன்று ஆய்வுகளில் மூன்று தடவை. முதல் தடவை நான்தான் அவரிடம் கேட்டேன்.

"ஒரு நாளைக்குத்தாம்மா. கேட்டா அவங்க பேரச் சொல்லிடுங்க."

"கையெழுத்து கேட்டாங்கன்னா சார்?"

"அதையும் போட்டுடுங்க. காலேஜுக்காகத்தானே."

"மாட்டுக்குக் காதுல போட்டீங்க, எனக்கு வாசல்ல," என்றார். பிறகு, "அடுத்து நிரந்தரமா ஆள் எடுக்கும்போது என்னைய மறந்துடாதீங்க," என்றார். நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இதைவிட நல்லது.

மூன்றாவது ஆய்வில் குழுவினர் செய்முறை வகுப்பைப் பார்க்க வந்துவிட்டார்கள். அவர் சினைப் பரிசோதனை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். வலது கை தோள்வரை மாட்டுக்குள் இருந்தது. அந்தத் தடவைக் குழுத் தலைவர் தமிழ் தெரிந்தவர்; பெயர் கேட்டார். அவர் மாட்டின் இடுப்பில் கன்னத்தைச் சாய்த்தபடியே அடுத்தவர் பெயரைத் தன் பெயராகச் சொன்னார். அந்த நேரம் பார்த்து மருங்காபுரியிலிருந்து வந்து படிக்கும் ஒரு மாணவன், அவருடைய சொந்தப் பெயரோடு 'மேடம்' சேர்த்து, "இது சினைதானே?" என்று கேட்டுவிட்டான்.

குழுத் தலைவர் என்னைப் பார்த்தார். "யாரது?"

"அது அவங்க வீட்டுல கூப்பிடுற பேர் சார்."

"மாணவர்களும் அதையே கூப்பிடுறாங்களா?"

"கிராமத்துப் பிள்ளைங்க சார். பாசமா இருப்பாங்க."

குழுத் தலைவர் மாணவனின் ரெக்கார்டு நோட்டை வாங்கி, அன்றைய பரிசோதனையை எழுதச் சொல்லி, அதில் அவரைக் கையெழுத்துப் போடச் சொன்னார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, அடுத்தவர் பெயரில் கையெழுத்துப் போட்டார். எழுத்து கொஞ்சம் ஈரமாக விழுந்தது. குழு திருப்தியோடு போனது. மாடுகள் மாலையே மண்ணச்சநல்லூர் போய்விட்டன.

அடுத்த வருடம் நிரந்தரப் பணிக்கு அறிவிப்பு வந்தது. அனுபவத்துக்கு மதிப்பெண் உண்டு. அவர் விண்ணப்பித்தார். அவருடைய அனுபவம் உண்மையா என்று கேட்டுப் பல்கலைக்கழகத் தலைமை அலுவலகத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. உண்மை என்று எழுதினால், அந்த வருடங்களில் உதவிப் பேராசிரியை வகுப்பெடுத்தார் என்று நாங்கள் ஆய்வுக் குழுவுக்குக் கொடுத்த அறிக்கை பொய்யாகும். இரண்டிலும் என் கையெழுத்து. இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் டைப்பிஸ்ட்டைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "மேற்படி நபர் இத்துறையில் கற்பித்தல் பணி செய்ததற்கான ஆவணங்கள் எவையும் இல்லை."

டைப்பிஸ்ட் தினமும் அந்தப் பெண்ணோடு சேர்ந்து டீ குடிப்பவர். "சார், பேரு போடட்டுமா, மேற்படி நபர்னே இருக்கட்டுமா?" என்று கேட்டார்.

"இருக்கட்டும்," என்றேன்.

அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆவணங்கள் இல்லைதான். வராமல் பார்த்துக்கொண்டவன் நான். தீவனக் கணக்கில் ஒருவருக்குச் சம்பளம் கொடுத்தால் ஆவணம் எப்படி இருக்கும்?

அவர் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. துறைக்கு வந்து தன் ரப்பர் பூட்ஸையும் டிபன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டார். "வரேன் சார்," என்று சொன்னதாக நினைவு. நான் ஏதோ கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை, பார்ப்பதுபோல இருந்தேன். இந்த வயதில் இதையாவது சரியாகச் சொல்லிவிட வேண்டும்.

*

ஓய்வு பெற்றபின் பாலக்கரை வீட்டைக் கொடுத்துவிட்டு, ஸ்ரீரங்கத்தில் மகளின் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தேன். மகள் ஒரு நாய் வளர்க்கிறாள். தெருவுக்கு எதிர்ப்பக்க வீட்டு மாமி அதற்குத் தினமும் தயிர்சாதம் போட்டுப் போட்டு, அது நடப்பதை விட்டுவிட்டு இடம் மாறிப் படுப்பதை மட்டும் செய்துகொண்டிருந்தது. போன வருடம் அதன் காதில் சீழ் பிடித்தது.

"நீங்க டாக்டர்தானே, பாக்கப்படாதோ?" என்றார் மாமி.

"நான் மாட்டு டாக்டர் மாமி. அதுவும் பின்பக்கம்."

"அப்போ நம்ம டாக்டரம்மாகிட்ட காட்டுங்கோ. கைராசிக்காரா. எங்காத்துப் பசுவுக்கு அவாதான்."

டாக்டரம்மா யார் என்று நான் கேட்கவில்லை. நாயை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். சின்ன கிளினிக். வெளியே பூனைக் கூடைகளோடும் கோழிகளோடும் ஜனங்கள். உள்ளே இருந்தவர் அவர்தான். தலையில் நரை. என்னைப் பார்த்துவிட்டு, நாயையும் பார்த்துவிட்டு, "வாங்க சார். டோக்கன் போட்டுட்டீங்களா?" என்றார்.

போடவில்லை. போட்டுவிட்டு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன்.

என் முறை வந்ததும் சீட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தார். "உரிமையாளர் பேரு என்ன போடட்டும்? உங்க பேரேவா, வேற யாரு பேராவதா?"

என் பெயரைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். நாயை மேசையில் ஏற்றினோம். காதை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பதிமூன்று வருடமாகச் சொல்ல நினைத்திருந்ததைச் சொன்னேன். "நான் பண்ணது தப்பும்மா. மன்னிச்சுக்கணும்."

"நாய இறுக்கிப் பிடிங்க சார்," என்றார். "கடிச்சிடும்."

இறுக்கிப் பிடித்தேன். காதைக் கழுவி, சொட்டு மருந்து போட்டு, தயிர்சாதத்தை நிறுத்தச் சொன்னார். கிளம்பும்போதுதான் மேசைக் கண்ணாடிக்கு அடியில் பத்திரிகைத் துண்டு ஒன்றைப் பார்த்தேன். எங்கள் கல்லூரிக்கு மறுபடியும் நிரந்தர ஆசிரியர்கள் எடுக்கிறார்கள். பல வருடங்களுக்குப் பிறகு. அனுபவச் சான்றிதழ் இருப்பவர்களுக்கு வயது வரம்பில் சலுகை. இல்லாதவர்களுக்கு இல்லை.

"போடப் போறீங்களாம்மா?"

"எதை வச்சு சார் போடுறது? இதுதான் கடைசி. அடுத்த தடவை சலுகைக்கும் வயசு தாண்டிடும்." அடுத்த டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் பழைய பங்குக் கோவிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். என் மகள் வயதைவிடக் குறைந்த வயதுக் குருவானவர். முழுக்கக் கேட்டார்.

"அந்தம்மா இருக்காங்களா?" என்றார்.

"இருக்காங்க ஃபாதர். ஸ்ரீரங்கத்துலதான்."

"அப்ப இங்க எதுக்குய்யா முட்டி போட்டுக்கிட்டு இருக்கீங்க? பாவத்துக்கு மன்னிப்பு நான் குடுக்கலாம். சர்டிபிகேட் நான் குடுக்க முடியாதே."

எழுபது வயதைத் தாண்டியவனிடம் அப்படிப் பேசியிருக்கலாமா என்று பஸ்ஸில் வரும்போது கொஞ்சம் கோபப்பட்டேன். காவிரிப் பாலம் தாண்டும்போது கோபம் போய்விட்டது.

ஆவணம் இல்லை என்று எழுதியவன் ஆவணம் தேடப் புறப்பட்டேன். அன்று அவருடைய சொந்தப் பெயரைச் சொன்ன மாணவர் இப்போது மருங்காபுரிப் பக்கம் அரசுக் கால்நடை மருத்துவமனையில் டாக்டர். பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"நோட்டு இருக்கு சார். பழைய பேப்பருக்குப் போட்டுடலாம்னு வீட்டுல நாலு தடவ சொல்லிட்டாங்க, நான் விடல," என்றார். "கன்னு குறுக்க கிடந்தா எப்படித் திருப்புறதுன்னு மேடம் அவங்க கையாலயே அதுல படம் போட்டுக் குடுத்திருக்காங்க. இன்னைக்கும் சந்தேகம்னா அதத்தான் எடுத்துப் பாப்பேன்."

எடுத்துக் கொடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் தேதியோடு அவருடைய கையெழுத்து. ஒரு வருடப் பாடம் முழுவதும். "அப்ப நான் கேட்டது தப்பா சார்?" என்று தயங்கிக் கேட்டார். "அன்னைக்கு நீங்க என்னைய ஒரு மாதிரி பாத்தீங்க."

"நீ ஒருத்தன்தாம்ப்பா அன்னைக்குச் சரியாப் பேசுனவன்," என்றேன்.

ஊருக்கு வந்து தலைமை அலுவலகத்துக்கு ஆறு பக்கக் கடிதம் எழுதினேன். அவர் எப்போது சேர்ந்தார், என்னென்ன பாடம் எடுத்தார், சம்பளம் எந்தத் தலைப்பில் கொடுக்கப்பட்டது, நான் ஏன் அப்படி எழுதினேன், எல்லாம். பழைய டைரிகளைப் பார்த்துப் பிரேக் விட்ட நாட்களைக்கூடப் பட்டியல் போட்டேன். உண்மை முழுதாக இருக்கட்டும் என்று நினைத்தேன். ஆய்வு நாட்களைப் பற்றி மட்டும் எழுதவில்லை. அவருக்கு அது கெடுதல் என்று அந்த அளவுக்காவது புத்தி இருந்தது. நோட்டு முழுவதையும் ஜெராக்ஸ் எடுத்து இணைத்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

முப்பது வருடம் மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகளைப் பக்கம் புரட்டிப் படிக்காமலே கையெழுத்துப் போட்டவன் நான். எங்கள் துறையில் எல்லாரும் அப்படித்தான். ஒரு கை புரட்டும், ஒரு கை போடும். இந்த நோட்டையும் அப்படித்தான் புரட்டியிருக்கிறேன். நடுவில் ஒரு பக்கத்தில், சற்றே ஈரம் பட்ட மசியில், வேறொரு பெயர் இருந்தது. அன்று கையெழுத்து விழுந்தது இதே நோட்டில்தான் என்பது எனக்கு நினைவுக்கே வரவில்லை, அந்தப் பக்கத்தைப் பார்க்கவும் இல்லை. அலுவலகத்தில் யாரோ பார்த்துவிட்டார்கள். நோட்டைப் படிக்கிற ஆள் ஒருவர் உலகத்தில் இருந்திருக்கிறார்.

மூன்று வாரம் கழித்து அவரிடமிருந்து போன்.

"சார், ஆபீஸ்லேருந்து எனக்கு நோட்டீஸ் வந்திருக்கு."

"சர்டிபிகேட்டாம்மா?"

"இல்ல சார், நோட்டீஸ். படிக்கிறேன், கேளுங்க. 'தாங்கள் இக்கல்லூரியில் தற்காலிக ஆசிரியையாகப் பணிபுரிந்த காலத்தில், ஆய்வு நாளன்று வேறொரு ஆசிரியையின் பெயரில் கையெழுத்திட்டதாகத் தெரியவருகிறது. ஆள்மாறாட்டம் செய்தமைக்காகத் தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது.' பதினஞ்சு நாள் டைம் குடுத்திருக்காங்க."

முதல் தடவை வேலையைக் கெடுத்தேன். இப்போது கிளினிக்கையும் கெடுக்கப் போகிறேன் என்று தோன்றியது. ஆள்மாறாட்டம் என்று நிரூபித்தால் மருத்துவராகப் பதிவு செய்திருப்பதையே ரத்து செய்யலாம்.

"எழுதுறதுக்கு முன்னாடி என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் சார்," என்றார். "அப்பவும் கேக்கல, இப்பவும் கேக்கல."

அது சரி.

"நான் திரும்ப எழுதுறேம்மா, நான் சொல்லித்தான் கையெழுத்து போட்டீங்கன்னு..."

"வேணாம் சார். நீங்க ஒண்ணும் எழுதாதீங்க. தயவுசெஞ்சு." காகிதம் மடியும் சத்தம் கேட்டது. பிறகு குரல் மாறியது. "முதல் வரிய இன்னொரு தடவ படிக்கிறேன், கேளுங்க. 'தாங்கள் இக்கல்லூரியில் தற்காலிக ஆசிரியையாகப் பணிபுரிந்த காலத்தில்.' கீழ ஆபீஸ் சீல் இருக்கு சார்."

அவர் நோட்டீஸுக்கு இரண்டு வரியில் பதில் எழுதினார். நான் அங்கே பணிபுரிந்ததைத் தாங்களே முத்திரையோடு ஒப்புக்கொண்டிருப்பதால், முதலில் அதற்கான அனுபவச் சான்றிதழை வழங்கவும். அது கைக்கு வந்தபின் மற்ற குற்றச்சாட்டுக்கு விளக்கம் தருகிறேன். இவ்வளவுதான். நோட்டீஸின் நகலையும் அதனோடேயே இணைத்திருந்தார். என் ஆறு பக்கத்தை நினைத்துக்கொண்டேன்.

அலுவலகத்துக்கு இது சிக்கல்தான். அவர் வேலை பார்க்கவில்லை என்றால் ஆள்மாறாட்டம் இல்லை. ஆள்மாறாட்டம் உண்டு என்றால் மூன்று ஆய்வு அறிக்கைகள் பொய். கோப்பு மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கியது என்று பழைய டைப்பிஸ்ட் போனில் சொன்னார். இதற்கிடையில் விண்ணப்பத்துக்கான கடைசித் தேதியை நிர்வாகக் காரணங்களால் இரண்டு தடவை தள்ளிவைத்தார்கள். அந்தக் காரணங்கள் எவையோ, அவற்றுக்கு நான் நன்றி சொல்லிக்கொண்டேன். என்னை யாரும் விசாரணைக்குக் கூப்பிடவில்லை. ஓய்வூதியத்தில் வெட்டு விழும் என்று எதிர்பார்த்திருந்தேன், அதுவும் இல்லை. "தங்கள் கடிதம் கோப்பில் சேர்க்கப்பட்டது" என்று ஒரு அஞ்சலட்டை வந்தது. நான் செய்த தப்புக்கு இதுவரை கிடைத்த தண்டனை அந்த அஞ்சலட்டைதான்.

சான்றிதழ் வந்த அன்று, நாயின் இன்னொரு காதுக்காகப் போயிருந்தேன். மேசையில் வைத்துக் காட்டினார். அவர் பெயர் முழுதாக இருந்தது. தேதிகள் இருந்தன.

"நீங்க குடுத்த பிரேக் லிஸ்ட்ட வச்சு ஒவ்வொரு நாளையும் கரெக்டா கழிச்சிருக்காங்க சார்."

"அந்த ஆய்வு நாள்?"

"மூணையும் கழிச்சிட்டாங்க. அந்த மூணு நாளும் நான் காலேஜுக்கே வரல சார். லீவு." சான்றிதழை உறையில் போட்டார். "நோட்டீஸையும் வாபஸ் வாங்கிட்டாங்க. லீவுல இருந்தவ எப்படிக் கையெழுத்து போட முடியும்?"

அப்படியானால் அன்று மாட்டுக்குள் கை விட்டு நின்று, நோட்டில் கையெழுத்துப் போட்டது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஒருவேளை பதில் எழுத வேண்டி வரும்.

நேர்முகத் தேர்வுக்குப் போனார். பட்டியலில் முதல் பெயர் அவருடையது. பிறகு அரசின் நிதி ஒப்புதல் வரவில்லை. ஒப்புதல் வரும்வரை, விருப்பமுள்ளவர்கள் ஒப்பந்த அடிப்படையில் சேரலாம் என்று கடிதம் வந்தது. பதினோரு மாதம், பிறகு ஒரு நாள் பிரேக், பிறகு மறுபடி பதினோரு மாதம். சம்பளம் எந்தத் தலைப்பில் என்று எழுதவில்லை.

"போகாதீங்கம்மா," என்றேன். "கிளினிக் நல்லாத்தானே போகுது."

"போறேன் சார். கிளினிக் சாயங்காலம். நாய், பூனைக்கு ஊசி போடுறது வேற. சொல்லிக் குடுக்குறது வேற." பிறகு, "பட்டியல்ல முதல்ல என் பேரு இருக்குல்ல. ஒப்புதல் வர்றப்ப அங்க நான் இருக்கணும்," என்றார்.

சேரும்போது ஒரு தாள் எழுதிக் கொடுத்திருக்கிறார். எந்த ஆவணத்திலும் எந்த நாளிலும் என் சொந்தப் பெயரில் மட்டுமே கையெழுத்திடுவேன் என்று. இப்போதைய கல்லூரி முதல்வர் படித்துவிட்டு, "இதெல்லாம் எழுதிக் குடுக்கணுமாம்மா?" என்று கேட்டாராம். "எழுதியிருந்தாத்தான் சார் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்," என்றாராம் இவர்.

இந்த மழைக்காலத்தில் மறுபடியும் ஆய்வு வந்தது. அன்று முழுவதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு நிரந்தர ஆசிரியர் குறைவு. இடங்களைக் குறைப்பார்கள், கட்டணம் போகும், கையுறைக்குக் காசு இருக்காது, பழி அவர் மேல் விழும். இதே கணக்கைப் போட்டுத்தான் நான் அன்று அந்த வாக்கியத்தை எழுதினேன். மாலையில் நாய்க்கு நகம் வெட்டவேண்டும் என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். டோக்கன் போட்டேன்.

"என்னம்மா ஆச்சு?"

"வந்தாங்க. எம்பேரக் கேட்டாங்க, சொன்னேன். நிரந்தரமான்னாங்க, ஒப்பந்தம்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"ஒரு வரி எழுதிக்கிட்டாங்க."

"என்ன வரி?"

"'ஒரு பணியிடம் காலியாக உள்ளது, விரைவில் நிரப்பவும்.'"

"மாணவர் சீட்டு? குறைச்சாங்களா?"

"சீட்டெல்லாம் அப்படியேதான் இருக்கு சார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிட்டாங்க. சாம்பார்ல உப்பு கம்மின்னாங்க."

நான் அந்த ஒரு வரியை மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். மாடு கொண்டுவந்து, பலகை மாட்டி, ஆறு வருடத்தை இல்லை என்று எழுதி, நான் தடுத்துக்கொண்டிருந்தது இந்த வரியைத்தான். அதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன்.

அவர் நாயின் அடுத்த காலைத் தூக்கினார். "இறுக்கிப் பிடிங்க சார்," என்றார்.

பிடித்துக்கொண்டேன்.